மூச்சு விடும் இடம்

இடம் விடக்கூடாது என்று தனசிங் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். இரண்டாம் மணி அடித்து ஓய்வதற்குள் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. இடம் விடக்கூடாது. பாட்டின் கடைசி அடியை முன்னிசையாக வாசித்து முடித்ததும் கையைத் தூக்காமல் அப்படியே முதல் சரணத்துக்குள் இறங்கிவிட வேண்டும். இந்தக் கோயிலில் ஆர்கன் வாசிக்க உட்கார்ந்த நாளிலிருந்து அவர் செய்துவந்ததற்கு நேர் எதிரான காரியம் அது. கடைசி அடி முடியும், ஒரு மூச்சு எடுக்கிற நேரத்துக்கு ஆர்கன் சும்மா இருக்கும், அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில் கோயில் முழுக்க நெஞ்சு நிமிர்ந்து காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்கும், அப்புறம் பாட்டு எழும்பும். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தந்தது இல்லை. பால்குடி மறக்காத பிள்ளைகூட அந்த இடம் வந்தால் வாயைத் திறக்கும். கையைத் தூக்கிக் காட்ட ஆள் வேண்டாம், பாடுவோம் என்று போதகர் ஐயர் சொல்ல வேண்டாம். அந்த ஒரு மூச்சு இடம்தான் உத்தரவு. இன்றைக்கு அந்த உத்தரவு போகக்கூடாது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கோயில் இன்றைக்குத்தான் திறந்திருக்கிறது. ஜனங்கள் வரலாம், பெஞ்சில் ஒட்டியிருக்கிற சிவப்புக் குறி பார்த்துத் தள்ளித் தள்ளி உட்காரலாம், ஜெபிக்கலாம், பாடத்தான் கூடாது. பாடினால் வாயிலிருந்து போகிற காற்று பேசும்போது போவதைவிட நெடுந்தூரம் போகுமாம். போன வாரம் புது ஐயர் வீட்டுக்கே வந்து, வாசலில் நின்றபடியே, “அண்ணாச்சி, ஜனங்க பழக்கத்துல ஆரம்பிச்சிருவாங்க, நீங்கதான் பாத்துக்கிடணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஜனங்கள் பாடுவதற்காக இத்தனை வருஷம் வாசித்த ஆளிடம், அவர்கள் பாடாதபடி வாசி என்று ஒப்படைத்திருக்கிறார்கள். நல்ல உத்தியோகம்தான்.

ஐயர் பீடத்தில் நின்று அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தார். மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்காதீர்கள், காணிக்கைப் பை வராது, போகும்போது வாசலில் இருக்கிற பெட்டியில் போட்டுவிடுங்கள், கைகுலுக்க வேண்டாம், பாட்டுகளை ஆர்கன் வாசிக்கும், சபையார் மனதுக்குள் பாடிக்கொள்ளலாம். மனதுக்குள். அந்த வார்த்தை தனசிங்குக்கு எங்கேயோ இடறியது. இதே வார்த்தையை இதே கோயிலில் அவர் கேட்டிருக்கிறார். கேட்டது என்ன, அவரேதான் சொல்லியிருக்கிறார். ஆசீர்வாதம் வாத்தியார் ஒருநாள் ஆராதனை முடிந்து ஆர்கன் பக்கம் வந்து, “தம்பி, வயசாயிட்டு, தொண்டை எட்ட மாட்டேங்கி. சுருதியை ரெண்டு கட்டை கீழ இறக்கிப் போடக் கூடாதா?” என்று கேட்டார். பாடகர் குழு முழுக்க அங்கேதான் நின்றது. தனசிங் திரும்பிக்கூடப் பார்க்காமல், “எட்டாதவங்க மனசுக்குள்ள பாடட்டும் சார்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், வாத்தியாரும் சேர்ந்துதான் சிரித்தார். கல்மிஷம் இல்லாத மனுஷன். அதற்கு அப்புறமும் வாரம் தவறாமல் ஆண்கள் பக்கத்து நான்காவது பெஞ்சின் ஓரத்தில் நின்று, எட்டாத இடம் வரும்போது வாயை மூடிக்கொண்டு தாளத்துக்குத் தலையை மட்டும் ஆட்டுவார். கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டார். அடக்கத்துக்கு உடம்பெல்லாம் மூடின நாலு பேர், பாட்டு இல்லை. அந்த ஓரத்தில் இன்றைக்குக் குறி ஒட்டவில்லை. ஒட்டியிருந்தாலும் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்று தனசிங்குக்குத் தோன்றியது. ரெண்டு கட்டை இறக்கியிருந்தால்தான் என்ன, வானம் இடிந்தா விழுந்திருக்கும்? ஆனால் அது அப்படி இல்லை. பாட்டுக்கு என்று ஒரு உயரம் உண்டு, எழுதினவன் யோசித்துத்தான் எழுதியிருக்கிறான். கோயிலுக்குப் புது எலெக்ட்ரானிக் ஆர்கன் வாங்கியபோது, சுருதியை ஏற்ற இறக்க இடது ஓரத்தில் ஒரு பொத்தான் இருப்பதைக் கடைக்காரன் பெருமையாகக் காட்டினான். அதைத் தொடுகிறவன் வாசிக்கிறவனே இல்லை என்று தனசிங் அங்கேயே சொல்லிவிட்டார். இன்று வரை தொட்டதில்லை. தூசி துடைக்கும்போதுகூட அந்தப் பொத்தானை விட்டுவிட்டுத்தான் துணியை ஓட்டுவார்.

ஆர்கன் பக்கச் சுவரைப் பார்த்து இருக்கிறது. வாசிக்கிறவருக்கு முதுகுப்பக்கம்தான் கோயில். அதனால் மேலே ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார், முகம் மழிக்கிற அளவுக் கண்ணாடி. ஐயர் தலையசைப்பது அதில்தான் தெரியும். இன்று காலை வந்ததும் அதைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி வைத்தார். ஐயர் பாதியாகிவிட்டார், பீடத்தின் பித்தளைச் சிலுவை போய்விட்டது, பதிலாகப் பெண்கள் பக்கத்து மூன்றாம் பெஞ்சு முழுசாக வந்தது. அங்கே அவர் மனைவி எமீமாள் உட்கார்ந்திருந்தாள். பாடகர் குழுவின் பெஞ்சுகளைக் கயிறு கட்டி அடைத்துவிட்டார்கள், இல்லையென்றால் அவள் இடம் ஆர்கனுக்கு அடுத்தாற்போல, அவர் கைக்கு எட்டும் தூரத்தில். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்த முதல் ஞாயிறே அந்த இடத்தில் வந்து நின்றவள். அவள் குரலைத்தான் கோயில் பிடித்துக்கொண்டு போகும். ஆர்கன் சொல்லும், ஆனால் ஜனம் கேட்பது எமீமாளை. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு, இடம் விட்டால் அது முடிகிற வரைக்கும் பொறுக்க மாட்டாள், அரைத் தாளம் முந்திக்கொண்டு எடுத்துவிடுவாள். முதல் வருஷமெல்லாம் தனசிங் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டார். “ஆர்கன் வாசிக்கது நானா நீயா?” “நீங்க ரொம்ப யோசிச்சிக்கிட்டு நிக்கிய, பாட்டு ஆறிப்போகுது.” கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். அவள் முந்துகிற அரைத் தாளத்துக்குத் தன் இடத்தைக் குறுக்கிக்கொண்டார். அப்படியே அது கோயிலின் வழக்கம் ஆகிவிட்டது. இப்போது பயமே அதுதான். இடம் கொஞ்சம் கிடைத்தால் போதும், அவள் எடுத்துவிடுவாள். அவள் எடுத்தால் இருநூறு பேரும் எடுத்துவிடுவார்கள். மற்றவர்கள் வாய்க்காற்றெல்லாம் அந்த நெஞ்சுக்குள் போகும், ஒருதரம் வெந்து ஆறின நெஞ்சு. இன்னொரு தரம் தாங்காது. 

வர வேண்டாம் என்றுதான் சொன்னார். காலையில் வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, இரண்டு மாஸ்க்கையும் மேலே வைத்துவிட்டு நின்றாள். சேலை கட்டுவதற்கு முன்பே மூச்சு வாங்கியது. “ஏ எமீ, இன்னும் நாலு வாரம் போகட்டுமே. கோயில் எங்கயும் ஓடிராது. எல்லாம் சரியாகி, பாடலாம்னு சொல்லும்போது போவோம்” என்றார். அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “இல்ல, இப்பப் போயிருவோம். பாடக்கூடாதுன்னு இருக்கும்போதே ஒருக்கப் போயிட்டு வந்துருதேன்” என்றாள். அது ஏட்டிக்குப் போட்டி என்று அவர் நினைத்துக்கொண்டார். அவளுக்கு எப்போதும் அப்படித்தான், வேண்டாம் என்பதைத்தான் முதலில் செய்வாள். “அங்க வந்து வாயைத் திறக்க மாட்டியே?” “திறக்க மாட்டேன்.” “சத்தியமா?” “கோயிலுக்குப் போகும்போது சத்தியம் கேக்கிய பாருங்க” என்று சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்தது. இருமல் அடங்கினதும் சேலையைக் கையில் எடுத்தாள். பாடக்கூடாதுன்னு இருக்கும்போதே. அது என்ன பேச்சு? தனசிங் முதல் பாட்டின் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிடிபடவில்லை. அதற்குள் ஐயர் இருமினார். கண்ணாடியில் ஐயர் பாதிதான் தெரிந்தார், தலையசைப்பைத் தனசிங் பார்க்கத் தவறிவிட்டார், அதற்காகத்தான் அந்த இருமல். ஆனால் இருமல் என்பது இப்போது சும்மா காரியமா? கோயிலே விறைத்துப்போயிற்று. முன் பெஞ்சில் ஒருவர் தன் மாஸ்க்கை மூக்கோடு அழுத்திக்கொண்டார். தனசிங் அவசரமாகக் கையை வைத்தார்.

கடைசி அடியை வாசித்தார், கையைத் தூக்கவில்லை, சரணத்துக்குள் போய்விட்டார். முதுகுக்குப் பின்னால் இருநூறு நெஞ்சுகள் மூச்செடுக்கத் தயாராகி இடம் கிடைக்காமல் தடுமாறியது அவருக்குத் தெரிந்தது. முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்துவது போல இருந்தது. யாரும் பாடவில்லை. வென்றுவிட்டோம் என்று தோன்றியது, ஒரு கணம்தான். ஏனென்றால் தனியாக ஓடுகிற இந்தச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. பாட்டு இவ்வளவு வேகமாகவா போகும்? அடிக்கு அடி முடிவில் பெண்கள் பக்கத்துக் கிழவிகள் கடைசி எழுத்தை இழுப்பார்கள், அவர்கள் இழுத்து முடிகிற வரைக்கும் சுரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அதற்காக எத்தனை எரிச்சல் பட்டிருக்கிறார். இப்போது எவ்வளவு நேரம் பிடிப்பது? யாருக்காகப் பிடிப்பது? விரல் அதுவாக விட்டுவிட்டது. இரண்டாம் சரணம், மூன்றாம் சரணம், மளமளவென்று போய், பாட்டு பாதி நேரத்தில் முடிந்துவிட்டது. ஐயர் இன்னும் கைகழுவுகிற மருந்தைத் தேய்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் எமீமாள் புத்தகத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள், தலை நிமிரவில்லை. நல்ல பிள்ளை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள் என்று தனசிங் நினைத்தார். ஆனாலும் அவ்வளவு அமைதியாக நிற்பவள் இல்லையே அவள், பாட்டு ஓடும்போது பெருவிரல் புத்தக அட்டையைத் தட்டிக்கொண்டிருக்குமே என்றும் நினைத்தார்.

வேதபாடம் வாசிக்க ஒருவர் எழுந்து போனார். தனசிங்குக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. மாஸ்க்குக்குள்ளிருந்து வருகிற குரல் எதைக் கேட்டாலும் அவருக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். மே மாதம், வெயில், உள்ளே யாரையும் விடவில்லை, சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகையில் மற்ற வீட்டுக்காரர்களோடு நின்றார். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் தன் போனிலேயே கூப்பிட்டுத் தந்தாள். எமீமாள் பேசினாள் என்று சொல்ல முடியாது, காற்று வார்த்தையாக வந்தது. “ஏங்க… கேஸை மூடினீயளா…” அதற்குப் பின்னால் ஆக்சிஜன் சீறுகிற சத்தம், நிற்காமல், ஆர்கனில் ஏதோ ஒரு கட்டை சிக்கிக்கொண்டு கத்துவது போல. மூடிட்டேன், மூடிட்டேன் என்று கத்தினார். பக்கத்தில் நின்றவன் திரும்பிப் பார்த்தான். அன்றைக்கு அந்தத் தகரத்துக்குக் கீழே நின்று ஜெபித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோயிலில் ஜெபிப்பது போல அடுக்கடுக்காக வரவில்லை. மூச்சு மட்டும் போதும் ஆண்டவரே. வேற ஒண்ணும் கேக்கல. மூச்சு மட்டும். அதையே சொல்லிக்கொண்டிருந்தார், கடையில் பேரம் பேசுகிறவன் கடைசி விலையைச் சொல்லிவிட்டு அதிலிருந்து நகராமல் நிற்பது போல. கொடுத்தார். மெலிந்து, முடி கொட்டிப் போனவளைச் சக்கர நாற்காலியில் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஆட்டோவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தனசிங் அழுதார். வெட்கமே இல்லாமல் அழுதார். டாக்டர் சொல்லியனுப்பியது மூன்றே காரியம்: மாடி ஏறாதீங்க, கனம் தூக்காதீங்க, இந்த டப்பாவை விடாம இழுங்க. கண்ணாடிபோல் ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மூன்று பந்து, குழாயை வாயில் வைத்து இழுத்தால் பந்து எழும்ப வேண்டும். முதல் பந்து எழும்பியது. அப்புறம் இரண்டாவது. மூன்றாவது இன்னும் அடியில்தான் கிடக்கிறது.

பிரசங்கம் தொடங்கியிருந்தது. டாக்டர் சொன்னது மூன்று காரியம் என்றால், பாடக்கூடாது என்கிற நான்காவதை யார் சொன்னது? தனசிங்கின் நினைப்பு அந்த இடத்தில் வந்து சிக்கிக்கொண்டது. முதல் அலையின்போது கோயில் மூடியிருந்தாலும் பாட்டு நிற்கவில்லை. இவர் ஆர்கன் வாசித்துப் போனில் பதிந்து எல்லாருக்கும் அனுப்புவார், ஒவ்வொருவரும் அதைக் காதில் மாட்டிக்கொண்டு அவரவர் வீட்டில் பாடி அனுப்புவார்கள், பட்டணத்தில் ஒருவர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்துத் தருவார். எமீமாள் துணி அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் தலையை நீட்டிப் பாடுவாள். சேலைகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்று அவளே கண்டுபிடித்தது. அப்போதும் அரைத் தாளம் முந்தித்தான். கோத்துத் தருகிறவர் போனில் சிரிப்பார், “அக்கா குரலைப் பின்னால இழுத்து வச்சா மத்தவங்க செத்த மாதிரி இருக்கு சார், அவங்களுக்குத் தக்க மத்த எல்லாரையும் நகர்த்திட்டேன்” என்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சபை விருந்தான அசனப் பண்டிகைக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று குழுவில் கேட்டார்கள். எமீமாள், “டாக்டர் பாடக்கூடாதுன்னு சொல்லிருக்காரு” என்று பதில் சொல்லி அனுப்பினாள். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அறையிலும் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அப்படிச் சொன்னாரா? தன் காதில் விழாத நேரத்தில் சொல்லியிருப்பார் என்று அன்றைக்கு விட்டுவிட்டார். நல்லதுதானே, ஓய்வு எடுக்கட்டும் என்றுகூட நினைத்தார். வீட்டில் பாட்டுச் சத்தமே கேட்டு எவ்வளவு நாளாயிற்று? அரிசி களையும்போது முனகுவாள், துணி காயப்போடும்போது முனகுவாள், ஒரு சரணத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவரைத் திட்டிவிட்டு, விட்ட இடத்திலேயே எடுப்பாள். இப்போது அடுக்களையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும். அவர் அதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கவனித்தார், ஓய்வு என்று பெயர் வைத்துக்கொண்டார். ஆமென் என்று ஐயர் சொல்வது கேட்டது. எல்லாரும் எழுந்தார்கள். கடைசிப் பாட்டு.

இந்தக் கடைசிப் பாட்டு எமீமாளுடையது. சபைப் பாட்டுதான், யார் வேண்டுமானாலும் பாடலாம். ஆனாலும் மூன்றாம் அடியில் படிப்படியாக ஏறி உச்சியில் ஒரு சுரத்தில் போய் நிற்கும், அங்கே போய் நிற்பவள் அவள் ஒருத்திதான், மற்றவர்கள் அவள் நிற்கிற தைரியத்தில் கீழே நிற்பார்கள். இந்த உச்சிக்காகத்தான் வாத்தியாருக்கு இரண்டு கட்டை இறக்க மனசு வரவில்லை என்பது தனசிங்குக்கு இப்போது, கையை வைக்கிற நேரத்தில், புரிந்தது. அதை யோசித்துக்கொண்டே கடைசி அடியை வாசித்தார். அதை யோசித்துக்கொண்டே அடி முடிந்ததும் கையைத் தூக்கிவிட்டார். தூக்கின பிறகுதான் தெரிந்தது. இடம் விட்டாயிற்று. எவ்வளவு நேரம், ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் கோயில் முழுக்க அந்தச் சத்தம் எழுந்தது. மாஸ்க்கெல்லாம் வாயோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி இருநூறு பேரும் காற்றை இழுத்தார்கள். மாதக்கணக்காகக் கேட்காத சத்தம். தனசிங்குக்கு உடம்பு புல்லரித்தது. போச்சு, இப்போது எடுப்பாள், அரைத் தாளம் முந்தி எடுப்பாள். கண்ணாடியைப் பார்த்தார். எமீமாள் மோவாயைத் தூக்கியிருந்தாள். இடது கை புத்தகத்தை மூடி நெஞ்சோடு பிடித்திருந்தது. பாட்டு எடுக்கும்போது அவள் நிற்கிற நிலை. சொன்ன சொல்லை மீறிவிட்டாள். வேண்டாம் எமீ, வேண்டாம், என்று அவர் வாயசைத்தார், மாஸ்க்குக்குள் அது யாருக்குத் தெரியும்? அவள் எடுத்தாள்.

ஒன்றும் வரவில்லை. மாஸ்க் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது, தாடை அசைந்தது. கோயில் அத்தனை பேரும் இழுத்த மூச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற அந்த அமைதியில், மூன்றாம் பெஞ்சிலிருந்து ஆர்கன் வரைக்கும் வந்தது காற்று மட்டும். போனில் வந்த அதே காற்று. கேஸை மூடினீயளா. அவர் விரல்கள் சரணத்தைத் தொடங்கிவிட்டன, அவை எப்போதும் தொடங்கிவிடும். கண்ணாடிக்குள் அவள் இரண்டாம் தரம் முயன்றாள், மோவாயைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு. ஏதோ ஒன்று கரகரத்து முளைத்து, உடைந்து, நின்றது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அப்புறம் இடமும் வலமும் பார்த்தாள், யாராவது கேட்டுவிட்டார்களா என்று. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன, பாடக்கூடாத இடத்தில் பாடாத ஒருத்தியை யார் கவனிக்கப் போகிறார்கள்? பாடக்கூடாதுன்னு இருக்கும்போதே ஒருக்கப் போயிட்டு வந்துருதேன். தனசிங்குக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. அவள் சட்டத்துக்குக் கீழ்ப்படியவில்லை, சட்டத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறாள். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வீட்டில், அவர் கடைக்குப் போயிருந்தபோது, அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு எத்தனை தரம் பாடிப் பார்த்தாளோ? அவர் அவள் பாடிவிடுவாளோ என்று பயந்தார். அவளோ, இனிப் பாடலாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தாள். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒரே குரலுக்காக எதிரெதிர்த் திசையில் பயந்திருக்கிறார்கள். மூச்சு மட்டும் போதும் என்றுதானே கேட்டாய்? கேட்டதை ஆண்டவர் கொடுத்திருக்கிறார், அதற்கு மேல் ஒரு துளி இல்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? மூன்றாம் அடி வந்தது. ஆர்கன் தனியாக ஏறி உச்சியில் போய் நின்றது, அதற்குக் கீழே யாரும் இல்லை. தனசிங்குக்குக் கண் மறைத்தது, மாஸ்க்குக்குள் மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை கிடையாது.

இரண்டாம் சரணம் போயிற்று. அவள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, படிக்கிறவள் போலக் குனிந்துவிட்டாள். மூன்றாம் சரணம் போயிற்று. கடைசிச் சரணம்தான் மிச்சம். தனசிங் கையைத் தூக்கினார். இந்தத் தடவை தெரிந்துதான் தூக்கினார். இடது ஓரத்துக்குக் கையை நீட்டி அந்தப் பொத்தானை அழுத்தினார். எப்படி அழுத்துவது என்று தெரியாது, ஒருதரம் அழுத்தினால் எவ்வளவு இறங்கும் என்றும் தெரியாது, அதனால் அழுத்திக்கொண்டே இருந்தார். நீண்ட இடமாகிவிட்டது. ஐயர் திரும்பிப் பார்ப்பது கண்ணாடியின் ஓரத்தில் தெரிந்தது. கையை வைத்தால் பாட்டு எங்கேயோ கீழே இருந்து வந்தது, கனமாக, ஆள் பேசுகிற உயரத்தில், ஆண்கள் பக்கத்து நான்காம் பெஞ்சின் ஓரத்துக்கு எட்டுகிற உயரத்தில். கோயிலுக்குத் திக்கென்றிருக்கும். இருக்கட்டும். எமீமாள் தலை நிமிர்ந்தாள். அந்தப் பொத்தானைப் பற்றி அவர் பேசின பேச்செல்லாம் அவளுக்கு மனப்பாடம். நேராகக் கண்ணாடியைப் பார்த்தாள், அதற்குள் இருந்த அவரைப் பார்த்தாள். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கண்ணில் வந்தது கோபமா, வெட்கமா, ஆறுதலா, மாஸ்க்குக்கு மேலே இருக்கிற இத்தனூண்டு முகத்தில் எதைக் கண்டுபிடிப்பது? வாயைத் திறக்கவில்லை. பெருவிரல் மட்டும் அட்டையின்மேல் அசைந்தது போல இருந்தது. அசைந்ததா, அவர் கண்ணில் நின்ற தண்ணீர் அசைந்ததா, சொல்லத் தெரியவில்லை.

வெளியே வெயில் சுளீரென்று அடித்தது. வாசலில் ஜனங்கள் எட்ட நின்று கையைக் கூப்பிக்கொண்டார்கள். அவள் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண், “எமீமாக்கா, நீங்க பாடாம கோயில் கோயில் மாதிரியே இல்ல பாத்துக்கிடுங்க. எப்பத்தான் பாடவிடப் போறாங்களோ?” என்றாள். எமீமாள், “விடும்போது விடட்டும்மா” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டர் பக்கம் நடந்தாள். தனசிங் வண்டியை எடுத்தார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்கி, அது அடங்குகிற வரைக்கும் அவர் நகரவில்லை. அரசமரச் சந்தியைத் தாண்டின பிறகுதான் பேசினாள். “அடுத்த வாரமும் பாடக்கூடாதுதானே?” “ஆமா, இப்போதைக்கு அப்படித்தான்.” “யாருகிட்டயும் சொல்லாதிய.” “ம்.”  வந்துரும் எமீ என்று சொல்லலாம், வராவிட்டால்? குரல் போனால் போகிறது, நீ இருக்கிறாயே என்று சொல்லலாம். அது அவருக்குப் போதும், அவளுக்குப் போதுமா? தகரக் கொட்டகையில் நின்று மூச்சு மட்டும் கேட்டவர் அவர்தான், அவள் இல்லை. இதையெல்லாம் யோசித்துக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டினார். அப்போது முதுகில் ஏதோ அதிர்ந்தது. வண்டியின் அதிர்வு என்று முதலில் நினைத்தார். அவள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நெற்றியை அவர் முதுகில் சாய்த்திருந்தாள். அந்த அதிர்வு காதுக்கு வரவில்லை, சட்டை வழியாக எலும்புக்கு வந்தது. கீழே, மிகவும் கீழே, அவர் இறக்கிவிட்டு வந்த அதே உயரத்தில், கடைசிச் சரணத்தின் முதல் அடி. எமீமாளின் குரல் என்று யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். கரடுமுரடாக, ஆம்பிளைக் குரல் மாதிரி இருந்தது. தனசிங் மூச்சுக்கூட விடவில்லை, ஆக்ஸிலரேட்டரைப் பிடித்த கை அப்படியே நின்றது. இரண்டாம் அடியின் நடுவில் அறுந்துவிட்டது. முதுகில் ஒன்றும் இல்லை, சூடான காற்று மட்டும் பட்டுப் பட்டு விலகியது. வீட்டுக்குத் திரும்புகிற தெரு வந்தது. அவர் திரும்பாமல் நேரே போனார். “ஏங்க, நம்ம தெரு போயிட்டு” என்றாள் அவள், பாதி மூச்சில்.

“தெரியும். நீ மூச்சு எடுத்துக்கோ” என்றார் தனசிங்.